வீவக வீட்டில் விண்கல் சேகரிப்பு: பெட்டியிலிருந்து தொடங்கும் வழிகாட்டி

விண்கல் மேல் ஆசை வந்தவர்களில் பலர் முதலில் கல்லை வாங்கிவிடுகிறார்கள். அதை எங்கே வைப்பது என்ற யோசனை அப்புறம்தான் வருகிறது. சிங்கப்பூரில் இந்த வரிசைக்குக் கிடைக்கும் பலன் துரு. விண்கல்லில் உள்ள இரும்பு நம்மூர்க் காற்றில் சும்மா இருக்காது. ஆறு மாதத்தில் பழுப்பு நீர் கசியும், ஓரம் உதிரும், கடைசியில் பெட்டிக்குள் ஒரு பிடி தூள் மிஞ்சும். அதனால் இந்த வழிகாட்டி பெட்டியில் தொடங்குகிறது. கல் வாங்கும் இடத்துக்கு நாலாவது படியில்தான் வருவோம்.

படிகளை மாற்றிப் போடாதீர்கள். ஒவ்வொன்றும் அடுத்ததற்குத் தேவையானதைத் தயார் செய்து வைக்கிறது.

1. முதலில் ஈரத்தை அடக்குங்கள்

சிங்கப்பூர்க் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியில் 82% அளவில் இருக்கிறது. விடியற்காலையில் 90 சதவீதத்தைத் தாண்டும். மழையில்லாத நாளின் பிற்பகலில் மட்டும் 60% பக்கம் இறங்கும். இரும்பு துருப்பிடிக்க அந்த 60 சதவீதமே போதும். கல்லுக்குள் குளோரைடு ஏறியிருந்தால் அதைவிடக் குறைந்த ஈரத்திலும் துரு நகர்ந்துகொண்டே இருக்கும். கல் பல நூற்றாண்டுகள் மண்ணில் கிடந்தபோது மண்நீரிலிருந்து ஏறிய உப்புதான் இந்தக் குளோரைடு. இது வெளியே தெரியாது, கழுவினாலும் எளிதில் போகாது.

உங்களுக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று, கேமராக்காரர்கள் வைத்திருக்கிற ட்ரை கேபினட், அதாவது உள்ளே ஈரத்தைக் குறைத்து வைக்கும் மின் அலமாரி. மிகச் சிறிய அளவே போதும். கேமராவுக்கு 40-45% என்று வைப்பார்கள், நீங்கள் 30 சதவீதத்தில் வையுங்கள். இன்னொன்று, ரப்பர் வளையம் வைத்த, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா. உள்ளே சிலிக்கா ஜெல். துருப்பிடிக்கும் குணமுள்ள இரும்புக் கற்களுக்கு கேபினட்டைவிட இந்த டப்பாதான் நல்லது. புதிதாகக் காயவைத்த ஜெல் ஈரத்தை 20 சதவீதத்துக்கும் கீழே இறக்கிவிடும்.

சிலிக்கா ஜெல்லில் ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறும் வகையை வாங்குங்கள். நீல வகையில் நிறம் காட்டுவது கோபால்ட் குளோரைடு, உடம்புக்கு ஆகாதது. நிறம் மாறியதும் கேக் சுடும் அவனில் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போட்டால் சரி.

இங்கே புதியவர்கள் தவறாமல் விழும் குழி ஒன்று உண்டு. துணி அலமாரியில் வைப்போமே, நீர்யானைப் படம் போட்டு, கீழே தண்ணீர் சேருகிற டப்பா, அதை விண்கல் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். அதற்குள் இருப்பது கால்சியம் குளோரைடு. சேருகிற தண்ணீர் அடர்ந்த குளோரைடு கரைசல். எந்த உப்புக்குப் பயந்து இவ்வளவு பாடுபடுகிறோமோ, அதையே கல்லுக்குப் பக்கத்தில் கிண்ணத்தில் ஊற்றி வைத்ததாக ஆகும். ஒருமுறை கவிழ்ந்தால் கதை முடிந்தது.

பெட்டிக்குள் எதை விரிக்கிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். மரப்பெட்டி அழகுதான், ஆனால் ஓக் போன்ற மரங்கள் அமில ஆவி விடும். பிவிசி பிளாஸ்டிக்கும் நாள்பட அமிலம் கசியும். பஞ்சும் கம்பளித் துணியும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலிஎத்திலீன் நுரை விரித்து, பாலிபுரொப்பிலீன் டப்பாவில் வையுங்கள். டப்பாவின் அடியில் உள்ள முக்கோணக் குறியில் 5 என்று இருந்தால் அது பாலிபுரொப்பிலீன்.

2. ஈரமானியை நம்புவதற்கு முன் சோதியுங்கள்

கேபினட்டில் ஒட்டி வரும் ஈரமானி பத்து சதவீதம்கூடத் தப்பாகக் காட்டும். அதனால் தனியாகச் சின்ன மின்னணு ஈரமானி ஒன்று வாங்கி, அதை வீட்டிலேயே சரிபாருங்கள்.

ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பு போட்டு, ஈர மணல் பதம் வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. மூடியையும் ஈரமானியையும் ஒரு ஜிப் பையில் போட்டு ஓர் இரவு மூடி வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நின்றுவிடும். அது உப்பின் இயல்பு, அறை வெப்பத்தில் பெரிதாக மாறாது. காலையில் ஈரமானி 81 காட்டினால், இனி அது காட்டுவதில் ஆறைக் கழித்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனையைக் கல் வைக்கப்போகும் டப்பாவுக்குள் செய்துவிடாதீர்கள், உப்பு ஒட்டிக்கொள்ளும்.

பிறகு காலிப் பெட்டியை ஒரு வாரம் ஓடவிட்டுப் பாருங்கள். 35 சதவீதத்துக்குக் கீழே நிலையாக நின்றால் அடுத்த படிக்குப் போகலாம். இரவில் ஏர்கான் போட்டு, காலையில் அணைத்து, ஜன்னலைத் திறக்கும் படுக்கையறைதான் வீட்டிலேயே மோசமான இடம். குளிர்ந்த கல்லின் மேல் வெளிக்காற்று பட்டதும் நீர் பூக்கும். பெட்டியை அந்த அறையில் வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால், ஏர்கானை அணைத்துச் சில மணி நேரம் கழிந்த பிறகே திறங்கள். பிடோக், பாசிர் ரிஸ் மாதிரிக் கடலோரப் பேட்டைகளில் ஜன்னல் பக்கத்து அலமாரியே வேண்டாம்.

இன்னொன்று, சாமி அலமாரி. ‘வானத்திலிருந்து வந்தது’ என்றதும் வீட்டுப் பெரியவர்கள் அதற்கு மஞ்சள் குங்குமம் வைக்கக் கிளம்பிவிடுவார்கள். மரியாதை புரிகிறது. ஆனால் அபிஷேகம் ஆன இரும்பு விண்கல்லை மீட்பது பெரும்பாடு.

3. எந்தக் கல் இந்த ஊருக்குத் தாங்கும் என்று முடிவு செய்யுங்கள்

கடையில் முதலில் கண்ணில் படுவது காம்போ டெல் சியேலோ. அர்ஜென்டினாவில் கிடைத்த இரும்பு விண்கல், கனமாக, மலிவாக, பார்க்க ஜோராக இருக்கும். புதியவர்களில் பாதிப் பேர் இதைத்தான் வாங்குகிறார்கள். துருப்பிடிப்பதிலும் இது பேர்போனது. சீனாவின் நன்டான் இன்னும் மோசம். ஸ்வீடனின் முவோனியோனாலுஸ்டா துண்டுகளில், அறுத்து அமிலமிட்ட முகத்தில் எழும் பின்னல் கோலம் அற்புதமாகத் தெரியும், ஆனால் விளிம்பிலிருந்து துரு கிளம்பும்.

இரும்புதான் வேண்டும் என்றால் சிகோடே-அலின் பாருங்கள். 1947 பிப்ரவரி 12 அன்று ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் விழுந்தது. மண்ணில் கிடந்த காலம் குறைவு, அதனால் உள்ளே ஏறிய உப்பும் குறைவு. இரும்புக்குள் ஆலிவின் என்ற கனிமத்தின் படிகங்கள் பதிந்த பல்லசைட் வகை வேண்டும் என்றால் ரஷ்யாவின் செய்ம்சான் ஓரளவு அடங்கி இருக்கும். பெலாருஸின் பிராகின் இந்த ஊருக்கு ஆகாது.

என்னைக் கேட்டால் முதல் கல் சாதாரணக் காண்ட்ரைட் என்ற பாறை வகையாக இருக்கட்டும். இதில் இரும்பு சின்னச் சின்ன மணிகளாகச் சிதறிக் கிடக்கும். துரு வந்தாலும் மெதுவாக வரும், கல் உடையாது. வடமேற்கு ஆப்பிரிக்கப் பாலைவனங்களில் கிடைத்து, ‘என்டபிள்யூஏ’ என்ற எழுத்துகளுடன் எண் பெற்றவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. என்டபிள்யூஏ 869 மலிவானது, ஏராளமாகக் கிடைப்பது, ஒழுங்காக வகைப்படுத்தப்பட்டது. ஒரு பக்கம் அறுத்து மெருகிட்ட துண்டாக வாங்குங்கள். முழுக்கல்லின் வெளிப்புறம் உங்களுக்கு ஒன்றும் கற்றுத் தராது. அறுத்த முகத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

நிலாக் கல்லும் செவ்வாய்க் கல்லும் ஆசை காட்டும். சாதாரணக் காண்ட்ரைட் கிராமுக்குச் சில வெள்ளி என்றால், இவை நூற்றுக்கணக்கான வெள்ளி வரை போகும். படிகள் ஏழையும் எட்டையும் கைப்பழக்கமாக்கிவிட்டு அந்தப் பக்கம் போங்கள்.

தாய்லாந்திலிருந்து வரும் கருப்புக் கண்ணாடிக் கற்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இங்கே தாயத்துக் கடைகளில் இவை விண்கல் என்ற பெயரில் கிடைக்கின்றன. இவை டெக்டைட். ஏறக்குறைய 7,90,000 ஆண்டுகளுக்கு முன் பெரிய மோதல் ஒன்று நடந்தபோது நம் பூமியின் பாறைதான் உருகித் தெறித்து இப்படிக் கண்ணாடியானது. விண்கல் இல்லை. ஆனால் துரு என்ற பேச்சே கிடையாது, விலையும் குறைவு. டெக்டைட் என்று தெரிந்தே வாங்கினால் சேகரிப்புக்கு நல்ல துணை.

4. பெயரைப் பதிவில் தேடிப் பாருங்கள்

மீட்டியோரிட்டிக்கல் சொசைட்டி என்ற உலக அமைப்பு, அங்கீகரிக்கப்பட்ட விண்கற்கள் எல்லாவற்றையும் இணையத் தரவுத்தளம் ஒன்றில் பதிந்து வைத்திருக்கிறது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் உண்டு, பார்க்கக் காசு வேண்டாம். பணம் கட்டுவதற்கு முன் அதில் தேடியே ஆகவேண்டும்.

பழகுவதற்குச் சூளகிரி என்று தேடுங்கள் (ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்). கிருஷ்ணகிரிப் பக்கம் 2008 செப்டம்பர் 12 அன்று விழுந்தது, வகை எல்எல்6 (இந்த எழுத்துக்கும் எண்ணுக்கும் பொருள் பத்தாவது படியில்), மொத்த எடை ஏறக்குறைய 110 கிலோ என்று வரும். விழுந்ததா, பிறகு கண்டெடுத்ததா, எங்கே, எப்போது, என்ன வகை, மொத்தம் எவ்வளவு. இவ்வளவும் உங்கள் கைக்கு வரப்போகும் கல்லுக்கும் தெரிய வேண்டும்.

பிறகு விற்பவர் சொல்வதோடு ஒப்பிடுங்கள். மொத்த எடை 300 கிராம் என்று பதிவாகியிருக்கும் கல்லில், ஒரே கடைக்காரர் இரண்டு கிலோ விற்கிறார் என்றால் ஏதோ இடிக்கிறது. ‘இதுவும் அதே கல்தான், பக்கத்தில் கிடைத்தது’ என்று சொல்வார்கள். ஆய்வுக்கூடம் சொல்லாதவரை அது அவருடைய ஊகம்தான்.

எண்ணே இல்லாமல், என்டபிள்யூஏ என்று மட்டும் போட்டிருந்தால் அது வகைப்படுத்தாத கல். அதில் தப்பில்லை, விலை மட்டும் அதற்கேற்றாற்போல் இருக்கவேண்டும். ‘வகைப்படுத்தவில்லை, ஆனால் நிச்சயம் நிலாக் கல்’ என்று யாராவது சொன்னால் உடனே பக்கத்தை மூடிவிடுங்கள். நிலாக் கல் கையில் இருக்கிறவர் ஆய்வுக்கு அனுப்பாமல் விற்கவே மாட்டார்.

அப்புறம், கிளம்பிய நாட்டின் சட்டம். அர்ஜென்டினா 2007இல் சட்டம் போட்டு விண்கற்களைப் பண்பாட்டுச் சொத்தாக்கியது. ஆஸ்திரேலியா, கனடாவிலிருந்து கொண்டுவர ஏற்றுமதி அனுமதி வேண்டும். இந்தியாவில் விழும் கற்களைப் பாதுகாப்பது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. ஆகவே ‘சூளகிரித் துண்டு, ஊரிலிருந்து நேரடியாக வந்தது’ என்று யாராவது நீட்டினால், எப்போது, எந்தக் காகிதத்தோடு வெளியே வந்தது என்று கேளுங்கள். சட்டம் வருவதற்கு முன்பே வெளியேறிய கற்கள் சந்தையில் நிறைய உண்டு. அவற்றின் பழைய லேபிளும் ரசீதும் கூடவே வரவேண்டும்.

5. விற்பவரிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை

கேரோசல் மாதிரித் தளத்தில் பக்கத்து புளோக்காரரிடம் வாங்கினாலும் சரி, வெளிநாட்டுக் கடையில் வாங்கினாலும் சரி, குறுஞ்செய்தியிலாவது இவை இருக்கட்டும்: முழுப் பெயரும் எண்ணும், கிராமில் எடை, இவரிடம் யாரிடமிருந்து வந்தது, மேலே ஏதாவது பூசியிருக்கிறதா, பொய் என்று தெரிந்தால் பணம் திரும்புமா.

பூச்சைப் பற்றிக் கேட்கக் காரணம் உண்டு. வார்னிஷ் அடித்த இரும்பு படத்தில் பளபளக்கும். பூச்சுக்கு அடியில் துரு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கலாம்.

அனைத்துலக விண்கல் சேகரிப்போர் சங்கத்தின் உறுப்பினர் எண் இருந்தால் நல்லது. உண்மைக் கல்லைத்தான் விற்பேன் என்று அவர்கள் உறுதி கொடுத்திருப்பார்கள். ஆனால் அந்தச் சின்னத்தைப் படமாக ஒட்டிக்கொள்ள யாராலும் முடியும், எண்ணைச் சங்கத்தின் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. தபாலும் வரியும்

விண்கல்லுக்குச் சுங்கத் தீர்வை இல்லை. பொருள் சேவை வரி மட்டும் 9% உண்டு. விமானத்திலோ தபாலிலோ வரும் பொருளின் மதிப்பு 400 வெள்ளியைத் தாண்டினால் இறக்குமதியின்போது கட்ட வேண்டும். இதில் பலர் கோட்டை விடுவது, அந்த மதிப்பில் தபால் செலவும் காப்புறுதியும் சேரும் என்பதை. கல் 380 வெள்ளி, தபால் 30 வெள்ளி என்றால் மொத்தம் 410. வரி 36 வெள்ளி 90 காசு, கூடவே கூரியர் நிறுவனத்தின் கையாள் கட்டணம்.

400 வெள்ளிக்குக் கீழே என்றாலும், இங்கே வரிக்குப் பதிவு செய்த வெளிநாட்டுத் தளங்கள் விற்கும்போதே வரியைப் பிடித்துவிடும். அந்த ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு முறை கட்டாமல் தப்பிக்கலாம். வெளியூர் போய் நீங்களே கொண்டுவந்தால், 48 மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தவருக்கு 500 வெள்ளி வரை விலக்கு, அதற்குக் குறைந்தால் 100 வெள்ளி.

மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள். அது குற்றம் என்பது ஒருபுறம். வழியில் தொலைந்தால் குறைத்து எழுதிய தொகைதான் கைக்கு வரும். சுங்கப் படிவத்தில் ‘சேகரிப்புக் கனிம மாதிரி’ என்று எழுதி, 9705 என்ற தலைப்பு எண்ணைப் போடச் சொல்லுங்கள். வெறுமனே ‘கல்’ என்று எழுதினால் திறந்து பார்க்க வைக்கும். பொட்டலத்துக்குள் ஜிப் பையும் சிலிக்கா ஜெல்லும் வைக்கச் சொல்லவும் மறக்காதீர்கள். கப்பல் தபால் வேண்டவே வேண்டாம்.

7. பொட்டலம் வந்த அன்று

உடனே பிரிக்காதீர்கள், இரண்டு மணி நேரம் அறை வெப்பத்துக்கு வரட்டும். நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வியர்வையில் இருப்பதும் குளோரைடுதான். மெருகிட்ட இரும்பு முகத்தில் கட்டைவிரல் வைத்தால், சில நாளில் அந்த ரேகை அப்படியே பழுப்பாக எழுந்து நிற்கும். விண்கல் மோதிரம் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

0.01 கிராம் காட்டும் நகைத் தராசில் நிறுத்துங்கள். ஒரு சென்டிமீட்டர் அளவுக் கட்டையைப் பக்கத்தில் வைத்து ஆறு பக்கமும் படம் எடுங்கள். எடை இப்போதே வேண்டும். பின்னாளில் துரு உதிர்ந்ததா என்று சொல்லப்போவது இந்த எண்தான்.

அடுத்து எண் கொடுங்கள். எளிமையாக 001 என்று தொடங்கலாம். அட்டையில் இந்த எண், விண்கல்லின் பெயர், வகை, எடை, வாங்கிய நாள், யாரிடமிருந்து, விலை. அட்டையில் இருக்கும் எண்ணே டப்பாவிலும் இருக்கவேண்டும். சிறு துண்டுகள் ஒன்றுக்கொன்று அச்சாக இருக்கும். நான்கு காண்ட்ரைட்டுகள் அட்டையிலிருந்து பிரிந்துவிட்டால் எது எது என்று நீங்களே சொல்ல முடியாது. பெயர் தொலைந்த கல் ஆய்வுக்கூடத்துக்குப் போனாலொழிய பெயர் மீளாது. கடைக்காரர் கொடுத்த பழைய லேபிள் அழுக்காக இருந்தாலும் எறியாதீர்கள், அதுதான் கல்லின் பிறப்புச் சான்று.

8. சோதனைகள், இந்த வரிசையில்

கல்லுக்குக் கெடுதல் இல்லாத சோதனை முதலில். காந்தம் கடைசியில்.

*கண்ணும் லென்ஸும்.* தேக்காவில் நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கிற 10 மடங்கு லென்ஸ் போதும். அறுத்த முகத்தை விளக்கின் கீழ் சாய்த்துப் பிடியுங்கள். காண்ட்ரைட் என்றால் வெள்ளி மணிகள் மின்னும், கடுகு அளவிலும் அதைவிடச் சின்னதாகவும் காண்ட்ரூல் எனப்படும் வட்டங்கள் தெரியும். காற்றுக் குமிழித் துளைகள் நிறைந்திருந்தால் அது பெரும்பாலும் உலைக் கசடு. சாதாரண விண்கல்லில் குமிழி இருக்காது.

*அடர்த்தி.* இதற்குக் குழாய்த் தண்ணீர் கூடாது. 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் எடுத்துக்கொள்ளுங்கள். எளிதில் தீப்பற்றும், ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பும் சாமி விளக்கும் அணைந்திருக்கட்டும். சின்னக் கிண்ணத்தில் ஆல்கஹால் ஊற்றித் தராசில் வைத்து, அளவைச் சுழியமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி ஆனால் அடியையும் சுவரையும் தொடாதபடி பிடியுங்கள். தராசு காட்டுவதை 0.78ஆல் வகுத்தால் கல்லின் கன அளவு வரும். எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி.

உதாரணத்துக்கு 42.6 கிராம் கல். தராசு 9.8 காட்டுகிறது. 9.8ஐ 0.78ஆல் வகுத்தால் 12.56. எடையை அதனால் வகுத்தால் 3.39. சாதாரணக் காண்ட்ரைட்டுக்குப் பொருந்தும் எண். இரும்பு விண்கல் 7.5 முதல் 7.9க்குள் வரவேண்டும். 5 பக்கம் வந்தால் ஹெமடைட் அல்லது மேக்னடைட் என்ற பூமியின் இரும்புத் தாது. 2.4 என்றால் டெக்டைட், 2.65 என்றால் கிரானைட். நூலைப் பிடிக்கும் கை ஆடக் கூடாது, கல்லில் குமிழி ஒட்டியிருக்கக் கூடாது. அளந்ததும் விசிறிக் காற்றில் நன்றாக உலர்த்தி, அப்புறம்தான் டப்பா.

*நிக்கல்.* இரும்பு விண்கற்களில் ஏறக்குறைய 5 சதவீதமும் அதற்கு மேலும் நிக்கல் உண்டு. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் நகையைச் சோதிக்க வாங்கும் டைமெத்தில்கிளையாக்ஸிம் சொட்டு மருந்து போதும். பஞ்சுக் குச்சியில் சொட்டவிட்டு, உலோகம் தெரியும் இடத்தில் தேய்த்தால் குச்சி இளஞ்சிவப்பாகும். ஆகாவிட்டால் அது விண்கல் இரும்பு இல்லை. ஆனால் எவர்சில்வரிலும் நிக்கல் உண்டு, எனவே சிவப்பானதை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். தேய்த்த இடத்தை ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள்.

*காந்தம்.* புதியவர்கள் எல்லாரும் முதலில் எடுப்பது இதைத்தான், அதுவும் பலமான நியோடிமியம் காந்தமாகப் பார்த்து. விண்கல்லின் கனிமங்களில் அது பிறந்த இடத்துக் காந்தப்புலத்தின் பதிவு இருக்கும். கைக்காந்தம் பட்டதும் அது அழிந்து, காந்தத்தின் சொந்தப் பதிவு ஏறிவிடும். செவ்வாயிலிருந்து வந்த என்டபிள்யூஏ 7034 துண்டுகளுக்கு இப்படித்தான் ஆனது. ஆய்வாளர்கள் கைக்கு வருமுன்பே பலர் காந்தம் வைத்துப் பார்த்ததில் பழைய பதிவு போய்விட்டது. பெயரும் எண்ணும் உள்ள கல்லுக்குக் காந்தச் சோதனை தேவையே இல்லை. யாரோ கொடுத்த, பெயர் தெரியாத கல்லில் ஒரு மூலையில் மட்டும் வையுங்கள். ஒட்டினால்கூட விண்கல் என்று ஆகிவிடாது, மேக்னடைட்டும் கசடும் நன்றாகவே ஒட்டும்.

கீழே கிடந்த கல்லைக் கொண்டுவந்து ‘இது விண்கல்லா?’ என்று கேட்பவர்களுக்கு: புக்கிட் கோம்பாக்கில் கிடைக்கும் கருத்த கனமான பாறை உள்ளூர் எரிமலைக் குழம்பு ஆழத்தில் உறைந்தது. கடற்கரை நிரப்பு நிலத்தில் கிடைப்பது பெரும்பாலும் கசடு. இயற்கை வனப்பகுதிகளிலிருந்து அனுமதியின்றி எதையும் எடுப்பது குற்றம். நம் மண்ணில் எந்த விண்கல்லையும் மழை சீக்கிரம் சிதைத்துவிடும், புல் மறைத்துவிடும். தேடுவதை விட்டு வாங்கச் சொல்வது அதனால்தான்.

9. துரு வந்துவிட்டால்

முதலில் எந்த வகை என்று பாருங்கள். மேலே மெல்லிய செம்பழுப்புத் தூள் மட்டும் என்றால் பயம் வேண்டாம். விரிசலில் மஞ்சள் பழுப்புச் சொட்டுகள் வியர்த்தாற்போல் நின்றால் உள்ளே குளோரைடு வேலை செய்கிறது.

தூளுக்கு: பித்தளைக் கம்பித் தூரிகையால் உலர்ந்தபடியே தேயுங்கள். பிறகு 99% ஆல்கஹாலில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, புது ஆல்கஹாலில் இன்னொரு முறை. வெளியே எடுத்து விசிறியில் முழுக்க ஆவியாகவிடுங்கள். வாசனை கொஞ்சமும் இல்லை என்றான பிறகுதான் அவனுக்குள் வைக்கலாம், ஆல்கஹால் ஈரத்தோடு வைத்தால் தீப்பிடிக்கும். 90 டிகிரியில் மூன்று மணி நேரம். இளஞ்சூட்டில் இருக்கும்போதே, கல் இரும்பாக இருந்தால், மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மெல்லியதாகத் தடவித் துணியால் துடைத்துவிடுங்கள். காண்ட்ரைட்டுக்கு மெழுகோ எண்ணெயோ கூடாது. நுண்துளைகளில் இறங்கிக் கறையாகிவிடும், பிறகு ஆய்வுக்கும் உதவாது.

சொட்டுகளுக்கு: இதே படிகள்தான், ஆனால் மெழுகு வேண்டாம். குளோரைடை உள்ளே வைத்துப் பூசினால் பூச்சுக்கடியில் அரித்துக்கொண்டே போகும். காற்றுப் புகாத டப்பாவில் புது சிலிக்கா ஜெல்லோடு அடைத்து, மாதம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். குளோரைடை வெளியே இழுக்கக் காஸ்டிக் சோடா சேர்த்த கரைசலில் வாரக்கணக்கில் ஊறவைப்பவர்கள் உண்டு. குழந்தைகள் ஓடுகிற வீவக வீட்டுச் சமையலறையில் அதை நான் சொல்லமாட்டேன்.

பின்னல் கோலத்தை மீண்டும் எழுப்ப அமிலம் வைப்பதும் வீட்டு வேலை இல்லை. எலெக்ட்ரானிக்ஸ்காரர்கள் பயன்படுத்தும் ஃபெரிக் குளோரைடு கையில் இருக்கிறதே என்று இறங்குவார்கள். கோலம் பளிச்சென்று வரும், கூடவே குளோரைடும் உள்ளே போகும். அமிலமிட்ட துண்டையே வாங்கிவிடுங்கள்.

10. இனிப் படிக்கத் தொடங்கலாம்

வகை 3 காண்ட்ரைட் ஒன்றும் வகை 6 காண்ட்ரைட் ஒன்றும், இரண்டும் அறுத்த முகத்தோடு, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றில் வட்டங்கள் தனித்தனியாக, கோடு போட்டாற்போல் நிற்கும். ஆறில் அவை மங்கிச் சுற்றியுள்ள பாறையோடு கலந்திருக்கும். இந்தக் கல் உடைந்து வந்த தாய்க்கோளுக்குள் எவ்வளவு சூடு பட்டது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. சூடு ஏற ஏறப் படிகங்கள் வளர்ந்து எல்லைகளை அழிக்கின்றன. எச், எல், எல்எல் என்ற எழுத்துகள் இரும்பின் அளவைச் சொல்கின்றன. எச் வகைத் துண்டில் வெள்ளி மணிகள் நெருக்கமாக மின்னும், எல்எல்லில் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். முகத்தில் கருப்பு நரம்புபோல் மெல்லிய கோடு ஓடினால், விண்வெளியில் வாங்கிய மோதலின் வடு அது.

அப்புறம் மெல்லிய வெட்டு. 0.03 மில்லிமீட்டருக்குத் தேய்த்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிய துண்டு. பிசினுக்குள் அடைபட்டிருப்பதால் துருக் கவலை மிகக் குறைவு, இடமும் அடைக்காது. சின்ன வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சேகரிப்பு எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூட நுண்ணோக்கியும் ஒளியைத் துருவமாக்கும் தகடுகள் (போலரைசர்) இரண்டும் போதும். ஒன்றை விளக்குக்கும் வெட்டுக்கும் நடுவில் வையுங்கள், இன்னொன்றை வெட்டுக்கு மேலே பிடித்துப் பின்னணி கருப்பாகும்வரை சுழற்றுங்கள். நுண்ணோக்கி இல்லாதவர்கள் எல்சிடி மடிக்கணினித் திரையில் வெள்ளைப் பக்கம் திறந்து, அதன் முன்னால் வெட்டைப் பிடித்து, மேலே ஒரே ஒரு தகட்டை வைத்து 10 மடங்கு லென்ஸால் பார்க்கலாம். திரையின் வெளிச்சம் ஏற்கெனவே துருவமானது.

சாம்பல் நிறமாகக் கிடந்த கல் அப்போது நீலமும் ஊதாவும் மஞ்சளுமாக எரியும். நிறம் மாறுபவை ஆலிவின், பைராக்சீன் என்ற கனிமங்கள். எப்படித் திருப்பினாலும் கருப்பாகவே நிற்பவை உலோகமும் சல்பைடும். கம்பி அடித்த ஜன்னல் மாதிரி இணைகோடுகள் தெரியும் வட்டம் பட்டை ஆலிவின் காண்ட்ரூல். ஒரு ஓரத்திலிருந்து விசிறி விரிவது பைராக்சீன். கைப்பேசியைக் கண்ணருகு லென்ஸில் வைத்துப் படம் எடுத்து, கல்லின் எண்ணைக் கோப்பின் பெயராகவே போடுங்கள். எந்த வட்டம், எந்த மூலை என்று சின்ன வரைபடமும் வரைந்தால் அடுத்த முறை தேடவேண்டாம்.

11. கை மாறும்போது

விற்றாலும் கொடுத்தாலும் அட்டை, பழைய லேபிள், ரசீதின் நகல் எல்லாம் கல்லோடு போகவேண்டும். எந்த ஈரப்பதத்தில் வைத்திருந்தீர்கள், என்ன பூசினீர்கள் என்று அட்டையின் பின்பக்கம் எழுதுங்கள். அறுத்துப் பகிர்ந்தால் பழைய எண்ணோடு அ, ஆ என்று சேர்த்து ஒவ்வொரு துண்டுக்கும் தனி அட்டை போடுங்கள். அறுக்கும்போது தூளாகிப் போன எடையையும் அதில் குறியுங்கள், இல்லாவிட்டால் பிறகு கூட்டிப் பார்க்கிறவருக்குக் கணக்கு உதைக்கும்.